தமயந்தி ரொப்பி வைத்தது

வெயில் கூரைகளைத் தொட்டதும் மில் சங்கு ஊதியது. அந்த மில்லில் நூல் நூற்பது நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. சங்கு மட்டும் நின்றபாடில்லை. இப்போது அது ஊதினால் ரொப்பு நேரம் என்று பொருள். கூரைத் தகடுகளில் மின்சாரம் பெருகத் தொடங்கிவிட்டது, அவரவர் மின்கலத்தை எடுத்து மாட்டலாம். எதிர்வீட்டில் விளக்கை மாட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காது கேட்கும் கருவியைக் கழற்றி மாட்டிவிட்டு, அது ரொம்பும் வரை மனைவி என்ன கத்தினாலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நாச்சிமுத்து தன் கைபேசியை மாட்டினார். பிறகு சமையலறை மூலைக்குப் போனார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அது. அங்கே மணல் நிரப்பிய மண்சட்டி ஒன்று இருந்தது. மூடியை எடுத்து, மணலில் பாதி புதைந்து கிடந்த சின்னக் கலத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல. சுடவில்லை. மெல்லிய துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு மூடினார். அந்தக் கலத்தை அவர் எதிலும் மாட்டுவதில்லை.

அது தமயந்தியின் பங்கு.

புதிதாகத் தோண்டியெடுக்க லித்தியம் இல்லை என்றான பிறகு வந்த ஏற்பாடு இது. இருப்பதைப் பிரித்து, பிறக்கும் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பங்கு. அதை எதற்கு வைத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம். பெரும்பாலோர் கைபேசிக்கு வைத்துக்கொண்டார்கள். தமயந்தி கல்யாணமாகி வந்த வருடமே தன் கைபேசியை, பங்குகளை வழங்கும் பங்ககத்தில் கொடுத்துவிட்டு, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான பறப்புக்கான கலம் ஒன்றை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அது ஓட்டும் பொருளுக்கு அரசுத் தாள்களில் சிறுபறப்பி என்று பெயர். வயதானவர்கள் ட்ரோன் என்பார்கள். ஊரில் எல்லோருக்கும் அது வண்டு.

"வாங்கறதுதான் வாங்கின, கொஞ்சம் பெரிய கலமாப் பாத்து வாங்கியிருக்கலாமில்ல? நெறைய நேரம் பறக்கும்" என்றார் அவர் அன்றைக்கு.

"பெருசுன்னா அதோட கனத்தைத் தூக்கறதுக்கே பாதி செலவாயிருமுங்க. வண்டுக்குத் தகுந்த கலம்தான் வேணும்."

"சரி, போன் இல்லாம உன்னை எப்படிக் கூப்பிடறது?"

"மாடியில உங்க சிவப்புத் துண்டைக் காயப் போடுங்க. மேல இருந்து பாத்துக்கறேன். சோறு ஆயிருச்சுன்னு தெரிஞ்சுக்கறேன்."

வாழ்க்கை அப்படியே அமைந்துவிட்டது. அவர் வீட்டிலிருந்தபடி பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பார், சமைப்பார். அவள் காற்றாலை மேட்டில் நின்று வண்டு விடுவாள். துண்டு ஏறியதும் வண்டு ஒருமுறை மாடியைச் சுற்றும். சிறிது நேரத்தில் அவளும் வந்துவிடுவாள்.

ஒரு மாலை, மறுநாள் காலைப் பறப்புக்காகக் கலத்தை ரொப்பி மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்தபோது வண்டு தயாராக இருந்தது. தமயந்தி எழுந்திருக்கவில்லை.

வந்தவர்களெல்லாம் போன பிறகு, நாச்சிமுத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவள் கையால் நிறைந்த பொருள் என்று அந்தக் கலம் ஒன்றுதான் இருந்தது. அரிசி டப்பாவைக்கூட அவர்தான் நிரப்புவார். கலத்தைக் கழற்றி மணலில் வைத்தார். அதிலிருந்து ஒரு துளியும் செலவாகக் கூடாது என்று முடிவு செய்தார். சாகும்வரை வைத்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். இறந்தவரின் பங்கு, வருடத் திதியன்று, அந்த ஆண்டு பிறந்த ஒரு குழந்தைக்குப் போக வேண்டும். ஆனால் அதுவரை அது அப்படியே இருக்கும். அவள் விட்டபடியே போய்ச் சேரும்.

திதிக்கு ஒரு வாரம் இருக்கையில் பங்ககத்திலிருந்து மெகருன்னிசா வந்தாள். கலங்களைச் சோதிப்பது அவள் வேலை. வண்டு விடுவது அவள் பைத்தியம். தமயந்தியோடு போட்டி போட்டுப் பறக்கவிட்டு, தோற்று, சண்டை போட்டு, மறுநாளும் வந்து நிற்பவள்.

"என்னுங்கண்ணா, இளைச்சுப் போயிட்டீங்க? சமைக்கறதை நிறுத்திட்டீங்களா?"

"ஒருத்தனுக்கு என்னத்தம்மா சமைக்கறது. மோர் ஊத்திச் சாப்பிட்டுக்கறேன்."

சட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் பையிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் கலத்தை வைத்தாள். விரலால் ஒரு முனையைத் தொட்டாள். தட்டையாக உட்கார வேண்டிய கலம் மெல்ல ஆடியது. மெகரு அளவியின் கம்பிகளைப் பொருத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முழுசா இருக்குதுங்கண்ணா."

"ஆமா" என்றார் நாச்சிமுத்து. குரலில் சின்னப் பெருமை. "அவ ரொப்புனது. ஒரு துளி செலவு பண்ணல."

"வருசம் பூராவுமா?"

"தினம் தொட்டுப் பாப்பேன். வெயில் படாம, தண்ணி படாம..."

"ஐயோ அண்ணா." அவள் கலத்தைக் கையில் எடுத்து அதன் வயிற்றைக் காட்டினாள். "உப்பியிருக்குது பாருங்க. நெறஞ்சே கெடந்தா இதுக்கு மூச்சு முட்டும். காஞ்சு கெடந்தாலும் செத்துரும். பாதியில வெச்சாத்தான் நிம்மதியாத் தூங்கும். அக்கா உங்ககிட்டச் சொன்னதே இல்லீங்களா?"

சொல்லியிருக்கிறாள். மழை வந்து பறப்பு நின்றுபோகும் நாட்களில், ரொப்பிய கலத்தை வீணாக வைக்கக் கூடாது என்று வண்டைக் கூடத்துக்குள்ளேயே மிதக்க விட்டுப் பாதிக்கு இறக்குவாள். அச்சுத் தாள்கள் பறக்கும். இவர் இரண்டு கைகளாலும் தாள்களை அமுக்கிக்கொண்டு கத்துவார். அந்தக் கத்தலில் அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை.

"அவங்க இருந்திருந்தா உங்களைத் துண்டோட சேத்துக் கொடியில மாட்டியிருப்பாங்க" என்றாள் மெகரு. சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "இப்படியே விட்டா சோதனையில தேறாதுங்கண்ணா. உலைக்குப் போயிரும்."

"கொழந்தைக்கு?"

"கொழந்தைக்கு வேற கலம் குடுத்துருவாங்க. பங்கு கொறையாது. இது இருக்காது, அவ்வளவுதான்."

கலத்தின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் தமயந்தி ஒரு 'த' எழுதியிருந்தாள். உலையில் எல்லாம் உருகி உப்பாகி, யார் யாருடைய கலங்களோடோ கலந்துவிடும். நாச்சிமுத்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொத்திப் பொத்திக் காத்து, தன் கையாலேயே அதைக் கெடுத்திருக்கிறார்.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"மொதல்ல பாதிக்கு எறக்கோணும். எறக்கி ஆறவிட்டா தேறினாலும் தேறும்." பையிலிருந்து சின்னப் பெட்டியொன்றை எடுத்தாள். "இதுல மாட்டுனா எறங்கிரும்."

"எறங்கி எங்க போகும்?"

"எங்கியும் போகாதுங்க. இந்தக் கம்பி சுடும். சூடாவே போயிரும்."

அவர் கலத்தின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போய்விட்டாள்.

"அவ எதுக்கும்மா இதை ரொப்பி வெச்சா?" என்று கேட்டார்.

"பறக்கத்தானுங்க."

"அப்பப் பறக்கட்டும்."

மெகரு தயங்கினாள். கலத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். கசிந்திருந்தால் பழம் அழுகியது போல ஓர் இனிப்பு வாடை வரும். வரவில்லை. "கொஞ்சம்தான் உப்பியிருக்குது. தாழ்வா, மெதுவா ஓட்டறேன். ஆனா நீங்க கண்பெட்டி போட்டுக்கோணும்."

"எனக்குத் தலை சுத்துமே."

"சுத்தட்டும்."

காற்றாலை மேட்டில் தமயந்தி உட்காரும் கல்லில் அவரை உட்கார வைத்து, வண்டு பார்ப்பதைக் கண்முன் காட்டும் அவளுடைய கண்பெட்டியை மாட்டிவிட்டாள் மெகரு. வருடக்கணக்கில் தமயந்தி கெஞ்சியும் அவர் அதைப் போட்டதில்லை. வண்டு ரீங்கரித்தது. தரை அவர் காலடியிலிருந்து நழுவிக் கீழே போனது. அவர் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போகட்டுங்கண்ணா?"

"அவ எப்பவும் எங்க போவா?"

மெகரு சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்க போங்க. கொளம், கோபுரமெல்லாம் சும்மா பேருக்கு. அக்கா பறக்கறதுல பாதி உங்க மாடிக்குத்தான். 'பாரு மெகரு, இன்னும் துண்டைக் காணோம், மனுசன் கொழம்புல புளியக் கொட்டிட்டு முழிச்சுட்டு நிக்கறாரு'ம்பாங்க. பசிச்சாக் கீழ எறங்கிப் போக வேண்டியதுதானேன்னா, 'அவரு கூப்பிடட்டும்டி'ம்பாங்க."

புளியமரங்களுக்கு மேலே தெரு தெரிந்தது. ஓடுகள், தகடுகள், காயும் வற்றல். பிறகு அவருடைய மாடி. மேலிருந்து பார்க்க அது உள்ளங்கை அளவுதான் இருந்தது. இத்தனை சின்ன இடத்தை எப்படித் தினமும் தப்பாமல் கண்டுபிடித்தாள்! கொடிக்கயிறு காற்றில் ஆடியது. அதில் ஒன்றும் இல்லை.

"துண்டு போடறதில்லீங்களா?"

"ஒரு வருசமாப் போடல."

வண்டு மாடியை ஒருமுறை சுற்றியது. கண்பெட்டிக்குள் கண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, காட்சி முழுக்கக் கலங்கியது. கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. மெகருவின் கையிலிருந்த கருவி மெல்ல ஒலித்தது.

"பாதியாயிருச்சுங்கண்ணா. வரட்டுங்களா?"

இன்னும் கொஞ்சம் என்று வாய்வரை வந்துவிட்டது.

"வரட்டும்" என்றார்.

கலம் ஆறும்வரை இருவரும் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மெகரு மறுபடி அளந்தாள். உதட்டைக் கடித்தாள். இன்னொரு முறை அளந்தாள்.

"வண்டுக்கு இனி ஆகாதுங்க. வேகமாக் கேட்டாக் குடுக்க இதால முடியாது. ஆனா மெதுவாக் கேட்டா இன்னும் பல வருசம் குடுக்கும். விளக்குக்கு எழுதறேன். உலைக்கு வேண்டாம்."

திதியன்று நாச்சிமுத்து அதிகாலையிலேயே அடுப்பு மூட்டினார். குழம்பில் புளி அதிகமாகிவிட்டது. இலை போட்டதும் மாடிக்குப் போய்ச் சிவப்புத் துண்டைக் கொடியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மெகருவின் வண்டு தலைக்குமேல் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனது. பின்னாலேயே அவள், கலம் பெறும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செண்பகா என்ற இளம்பெண், அவள் கணவன், துணிச் சுருளுக்குள் ஒரு குழந்தை.

சாப்பாட்டுக்குப் பிறகு கலம் கைமாறியது. பாதி ரொப்பிக் கொடுத்தால் போதும் என்பது ஊர் வழக்கம். மீதிப் பாதியைப் பெறுகிறவர்கள் ரொப்பிக்கொள்ள வேண்டும். செண்பகா இரண்டு கைகளாலும் வாங்கிக் குழந்தையின் கையருகே கொண்டுபோனாள். குழந்தை நகப்பூச்சு எழுத்தைச் சுரண்டப் பார்த்தது.

"தொட்டில் பக்கத்துல வெளக்குக்கு வெச்சுக்கறோமுங்க. பத்திரமாப் பாத்துக்கறோம்" என்றாள்.

"பத்திரமெல்லாம் வேண்டாம் அம்மிணி, எரிய விடு" என்றார் அவர். "ரொம்ப நெறச்சும் வெக்காத, ஒரேயடியாக் காயவும் விடாத. அப்புறம், இன்னொண்ணு. இந்தப் பாதி நான் ரொப்புனது இல்ல. என் சம்சாரம் ரொப்பி வெச்சது. மொதல்ல அதை எரிச்சுருங்க. அதுக்கப்புறம் நீங்க ரொப்பிக்கலாம்."

செண்பகா அவரைப் பார்த்தாள். "அப்படியே பண்றேனுங்கய்யா" என்றாள்.

பொழுது சாய்ந்ததும் துண்டை எடுக்க மாடிக்குப் போனவர், எடுக்காமல் நின்றார். கீழ்த்தெருவில் ஒரு சன்னலில் வெளிச்சம் வந்தது. பலமான வெளிச்சமில்லை. தொட்டில் கயிற்றின் நிழல் சுவரில் ஆடுவது தெரியும் அளவுக்கு இருந்தது. தமயந்தி மறுநாள் காலைக்காக ரொப்பி வைத்தது.