இடப்பக்கம் தேய்ந்த நிப்

ஒற்றுத்தாளில் அவன் மனைவியின் பெயர் பதினோரு முறை பதிந்திருந்தது.

கௌஸ் மைதீன் அதை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே பிடித்து மறுபடி எண்ணினான். ஒற்றுத்தாள் எழுத்தை இடவலம் மாற்றி வாங்கிக்கொள்ளும். கண்ணாடி அதை நேராக்கிக் கொடுத்துவிடும். ஜொஹரா, ஜொஹரா, ஜொஹரா. பேனா பிடிப்பவர்கள் நிப்பைச் சோதிக்க இப்படித்தான் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பார்கள். அவன் எழுதுவது 786. இருபது வருடமாக எந்தப் பேனாவை எடுத்தாலும் முதலில் தாளில் விழுவது அந்த மூன்று எண்கள்தான். ஜொஹரா ஐந்தாவது வரை படித்தவள். அவள் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, உருண்டையாக நிற்கும். இது பழகிய கை. நிறுத்தாமல், தூக்காமல், இடப்பக்கம் சாய்த்து ஓட்டிய ஆண் கை.

தாளைத் தடவினான். விரலில் மை ஒட்டியது. இன்னும் முழுக்கக் காயவில்லை.

அவன் பொன்னேரியில் பத்திரம் எழுதுபவன். காலை எட்டு மணி பஸ்ஸில் பழவேற்காட்டை விட்டுப் போனால் மாலை ஆறரை பஸ்ஸில்தான் திரும்பி வருவான். நடுவில் வீட்டில் ஜொஹரா மட்டும். பிள்ளை இல்லை. அன்று வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மேசைப் பக்கம் போனதற்குக் காரணம் பேனாக்கள். சுவர் அலமாரியில் பச்சைத் துணி விரித்து முப்பத்தொரு பேனா வைத்திருந்தான். கடல் கடந்து சம்பாதிக்கப் போன சபராளிகள் வீட்டுப் பெட்டிகளின் அடியில் கிடந்தவை, ஏலத்தில் போனவை, செத்தவர்களின் சட்டையோடு வந்தவை. அவன் மற்ற விஷயங்களில் கஞ்சன். பேனா என்றால் மட்டும் மானம் ரோஷம் பார்க்காமல் நான்கு தரம் வாசலுக்குப் போய் நிற்பான்.

முப்பத்தொன்றாவது, இரண்டு மாதத்துக்கு முன், எழுபத்தொன்பது ஆகஸ்டில், பரக்கத் பீவியிடம் வாங்கியது. அவள் கணவர் ரியாசுதீன் சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகு, ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள், லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அவர் போன படகு ஏரியில் கவிழ்ந்தது. நாலு பேர் கரையேறினார்கள். அவர் மூன்றாம் நாள் ஒதுங்கினார். சுவரில் மாட்டிய படத்தில் அடர்ந்த தாடியோடு, படம் எடுத்தவன்மேல் சந்தேகப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

அவள் கொடுத்த பேனாப் பெட்டியில் இரண்டு பள்ளங்கள். ஒன்றில் அரக்கு நிற உடம்பும் தங்க மூடியும் உள்ள இங்க் பேனா. பக்கத்துப் பள்ளம் காலி. அதே நிறத்தில், அதே மூடியில், ஜோடி பால்பாயிண்ட் ஒன்று இருந்ததாம்.

"இங்க் பேனாவுல எழுதுவாரு, பால்பாயிண்டுல கையெழுத்து போடுவாரு," என்றாள் பரக்கத் பீவி. "பீச்சாங்கைக்காரரு தம்பி. ஈரத்துல கை பட்டா மை இழுத்துக்கும்ல. அந்த பால்பாயிண்டு அவுரு பாக்கெட்டுலயே போயிடுச்சி."

தங்க நிப், எழுதுகிறவன் கைக்குத் தகுந்தபடி தேயும். இது இடப்பக்கம் தேய்ந்திருந்தது. பிராட்வேயில் பேனா பழுதுபார்ப்பவன் கல்லில் லேசாக இழைத்து வலது கைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னான். கௌஸ் மைதீனுக்கு மனம் ஒப்பவில்லை. சேர்ப்பவர்களுக்கு இருக்கும் வியாதி இது; வாங்கிய பொருளின் மேல் ஒரு கீறல் விழக்கூடாது. நிப்பை மாற்றுவதற்குப் பதில் அவன் கையை மாற்றிக்கொண்டான். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினான், தாளைச் சாய்த்து வைத்தான், முழங்கையைத் தூக்கினான். பத்து நாள் கீச்சுக் கீச்சென்று அடம்பிடித்த நிப், பதினோராம் நாள் எண்ணெயில் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷம் நிக்காஹ் அன்றுகூட இருந்ததில்லை.

இப்போது அந்தப் பேனாவை வேறொருவன் தொட்டிருக்கிறான். வேறொருவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் மனைவி பெயரை எழுதியிருக்கிறான்.

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். ஒற்றுத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டே அவள் கையைப் பார்த்தான். மை இல்லை.

அதன் பிறகு அவன் கண்கள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. மேசை விளக்கு எப்போதும் இடப்பக்கம் இருக்கும். வலது கைக்காரனுக்கு அப்படி இருந்தால்தான் கை நிழல் எழுத்தில் விழாது. புதன்கிழமை அது வலப்பக்கம் இருந்தது. வியாழன், டம்ளரின் அடியில் டீ வண்டல். அலமாரிக் கதவுக்குக் குறுக்கே அவன் ஒட்டிவைத்த தலைமயிர் அறுந்து கிடந்தது. அறையில் ஒரு வாசனையும் நின்றது: ஏரியில் தண்ணீர் வடிந்த பிறகு வெயில் பட்ட சேற்றில் எழுமே, உப்பும் அழுகிய பாசியும் கலந்த அந்த நெடி, ஜன்னலைத் திறந்தும் போகாமல் நாற்காலிப் பிரம்புக்குள் உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் கேட்டுவிட்டான். யார் வந்தது?

ஜொஹரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இந்த வூட்டுக்கு வந்த ஒரே ஆம்பள நீங்கதான். மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தீங்க. இன்னாங்க இந்நேரத்துலன்னு கேட்டா பதில் இல்ல. டீ குட்ச்சிட்டு எழுதிக்கினே இருந்தீங்க. நேத்தும் அப்டித்தான். மூஞ்ச வெச்சிக்கினு என்னைய கேக்கறீங்களா?"

மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் பொன்னேரியில் ஒரு கிணற்றுப் பங்குக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தான். சாட்சிகள் உண்டு. பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். ஆனால் பொய் சொல்பவள் கை மீனின் செதிலில் இவ்வளவு நிதானமாகப் போகுமா? நிதானமாகப் போகிறது என்பதே சந்தேகத்தைக் கூட்டியது.

வெள்ளிக்கிழமை பொன்னேரிக்குப் போகாமல் ஊரிலேயே ஜும்மா முடிந்து வரும்போது படகுத்துறையில் துளசிங்கம் கூப்பிட்டான். லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன். அன்றைக்கு முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டும் முறை அவனுக்கு விழுந்திருந்தது. ஈரத் துண்டைப் பிரித்து ஒன்றைக் காட்டினான். அரக்கு உடம்பு. தங்க மூடி. ஐந்து வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த பொருளில் ஒரு புள்ளி பாசி இல்லை.

"இறாலுக்குப் போட்ட வலையில குமாஸ்தா மாட்னாரு பாய்," என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தன் மனைவி இதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள் என்றான். "ஏரில பூட்டவன் சாமான் ஏரிக்கேதான்றா. திருப்பிப் போடலாம்னு பாத்தேன். நீ பேனாவுக்கு அலையறவனாச்சேன்னு கொண்டாந்தேன். உனுக்கு ஓணும்னா எட்த்துக்க. நான் குட்த்தன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத."

கௌஸ் மைதீன் வீட்டுக்கு ஓடாத குறை. காலிப் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். டப்பென்று உட்கார்ந்தது. ஜோடி. ஒற்றுத்தாளைப் பார்த்த நாளிலிருந்து அன்று ஒரு மணி நேரம்தான் அவன் ஜொஹராவை மறந்திருந்தான்.

திங்கட்கிழமை மேசையில் இருந்த குறிப்பேட்டின் மேல் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. இங்க் பேனா ஒற்றுத்தாளில் காட்டிக்கொடுக்கும். பால்பாயிண்ட் வேறு விதம். அழுத்தம் அடித்தாளில் பள்ளமாக இறங்கிவிடும். பென்சிலைப் படுக்கப்போட்டு லேசாகத் தேய்த்தான். கரிக்கு நடுவே வெள்ளையாக, இடப்பக்கம் சாய்ந்து, ஒரு வரி எழும்பி வந்தது.

இனி நான் ஆறரை பஸ்ஸில் வருவேன்.

அவன் காது சூடேறியது. அது அவன் பஸ். என்ன தைரியம்.

மறுநாள் எட்டு மணி பஸ்ஸில் போவது போலப் போனான். மூன்று மணி பஸ்ஸில் திரும்பினான். மழை பிடித்துக்கொண்டது. தெருவில் யாரும் இல்லை. கொல்லைப்புறமாக நுழைந்தான். ஜொஹரா பக்கத்து வீட்டில் இருந்தாள். அவள் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது. கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். வருகிறவன் உயிரோடு போகக்கூடாது. அவள் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஓட்டில் மழை விடாமல் கொட்டியது. கரண்ட் போனது. நேரம் போகப் போக அறை கறுத்து, அலமாரிக் கண்ணாடி மட்டும் சாம்பலாகத் தெரிந்தது. சேற்று நெடி மெதுவாகக் கூடிக்கொண்டே வந்தது, யாரோ வருவது போல அல்ல, ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருப்பது போல. கை சும்மா இருக்க முடியாமல் பெட்டியைத் திறந்தான். இரண்டையும் எடுத்தான். படபடப்புக்கு எழுதுவது நல்லது. 786 எழுதினான்.

நிப் முரண்டு பண்ணவே இல்லை. மணிக்கட்டை மடக்கவும் வேண்டியிருக்கவில்லை.

இருட்டில் குனிந்து பார்த்தான். பேனா இடது கையில் இருந்தது.

வலது கை நடுவிரலைத் தடவினான். இருபது வருடம் பேனா அழுத்திக் காய்த்த இடம். வழவழவென்று இருந்தது. காய்ப்பு இடது கை நடுவிரலில் இருந்தது. கல் மாதிரி.

தரையில் ஏதோ சொட்டியது. ஒழுகலா என்று அண்ணாந்தான். இல்லை. அவன் சட்டைக் கையிலிருந்து. நனைந்து மூன்று மணி நேரமாகிறது. இன்னும் சொட்டுகிறது. நாக்கில் பட்டது. உப்பு.

கன்னத்தைத் தொட்டான். காலையில் மழித்த கன்னம்.

தாடி. அடர்ந்த, ஈரத் தாடி.

வாசலில் அரிக்கேன் வெளிச்சம். ஜொஹரா. விளக்கை உயர்த்திப் பிடித்து உள்ளே வந்தவள் அவனைப் பார்த்ததும் நின்றாள். அலறவில்லை. முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு மளமளவென்று பின்வாங்கித் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அன்னிய ஆண் வந்தால் எந்த வீட்டிலும் பெண்கள் செய்வதுதான். திரைக்கு அடியில் அவள் பாதங்கள் தெரிந்தன.

"யாருங்க அது?" என்றாள். "அவுரு வூட்ல இல்லீங்களே."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். தண்ணீர் வந்தது. ஒரு வாய் நிறைய. மேசையில் கொட்டி, எழுதியதை அழித்தது. எழ முயன்றான். கால்கள் சேற்றில் புதைந்தது போல அசையவில்லை.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஆறரை பஸ்.

செருப்புச் சத்தம். கொஞ்சம் அவசரம், கொஞ்சம் இழுவை. படியில் இரண்டு தட்டு. சேறு உதிர்க்கும் தட்டு. அவனுடைய தட்டு.

"தோ, அவுரே வந்துட்டாரு," என்றாள் ஜொஹரா. குரலில் அத்தனை நிம்மதி. "இன்னாங்க, யாரோ உங்கள பாக்க வந்து உக்காந்துக்கினு இருக்காங்க."

திரை விலகியது. குடையை மடக்கியபடி கௌஸ் மைதீன் உள்ளே வந்தான். மழித்த கன்னம். பொன்னேரிப் புழுதி படிந்த சட்டை. சட்டை காய்ந்திருந்தது. நாற்காலியில் இருந்தவனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. கண்கள் நேரே இரண்டு பேனாக்களின் மேல் போய் நின்றன. அங்கேயே நின்றன. பிறகு மரியாதையாக, விருந்தாளியிடம் கேட்பது போல, இடது கையை நீட்டினான்.