நாற்பத்தொன்றாம் வில்லை

செங்கல் சூளைக்குள் இருந்த வில்லைகளெல்லாம் தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் காட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், அவள் பார்த்துக்கொண்டிருந்த திரையில் ஒன்றே ஒன்று மட்டும் முப்பத்தேழு என்றது.

மனுஷ உடம்பின் சூடு.

செங்கல் அடுக்கிச் சூளைக்குள் தள்ளும் வண்டிக்கு ஒன்றாக ஒட்டி அனுப்பும் சென்சார் வில்லைதான் அது. சட்டைப் பொத்தான் அளவு. எந்த நெருப்புக்கும் கருகாது. எவ்வளவு சூடு, எந்த இடம் என்று கம்பியில்லாமலே திரைக்குச் சொல்லிவிடும். நாற்பத்தொன்றாம் வில்லை போன வருஷமே பேச்சற்றுப் போயிருந்தது. சிக்கிய வண்டியைத் தள்ளிவிட உள்ளே போன அவள் புருஷனின் சட்டைப்பையில் இருந்தது அது. ஆள் இருப்பது தெரியாமல் கதவைச் சாத்தித் தீயைத் திறந்துவிட்டார்கள். வாரிக்கொடுக்கக்கூட எதுவும் மிஞ்சவில்லை. அவன் வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள், பாவம்; அவன் நாற்காலியையும்.

"பழுதும்மா, அழிச்சு விடு," என்றார் மேஸ்திரி, எட்டிப் பார்த்து. "முப்பத்தேழாமே! உள்ள எவனாவது உக்காந்து சீட்டாடுறானா?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா. நான் ஒரு கூறுகெட்டவன்." தலையைக் குனிந்தபடி சாப்பிடப் போய்விட்டார்.

அவள் அழிக்கவில்லை. விசிறியின் உறுமலும், வெந்த மண்ணின் வாசமும், கண்ணாடியில் நடுங்கும் செந்நிழலும் சுற்றிலும் நெருங்கி வர, யாரிடமும் கேட்கத் துணியாத ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள். "ஒரு நொடிதாம்மா, அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷம் தூங்கினாள், பிள்ளைக்குச் சோறூட்டினாள்.

திரையைத் தொட்டாள். "ஏங்க... அன்னைக்கு உங்களுக்கு எதுவும் தெரியலதானே?"

முப்பத்தெட்டு.

நாற்பத்தைந்து. அறுபது.

"ஐயோ, வேணாங்க!" தீயை நிறுத்தும் பொத்தானை ஓங்கி அடித்தாள். விசிறி அடங்கியது. மற்ற வில்லைகள் இறங்கத் தொடங்கின. அது மட்டும் ஏறியது. நூறு. இருநூறு.

பிறகு நகர்ந்தது.

சூளையின் நடுவிலிருந்து கதவை நோக்கி. ஓர் அடி. நின்றது. இன்னும் ஓர் அடி. தவழ்கிற வேகம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். மூன்று. ஏழு.

நொடி இல்லை. நொடியே இல்லை.

சூளைக் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. தோள் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை.

அவள் முழங்கால் உயரத்தில், கதவின் கறுத்த இரும்பு சிவந்தது. ஐந்து விரல்கள். பக்கத்தில் இன்னொரு கை. களைத்துப்போனவன் தட்டுவதுபோல, மங்கியது. சிவந்தது. மங்கியது. மறுபடி சிவந்தது.