வைக்கோல் அடைத்த ஒட்டகம்

ஒட்டகத்தைத் தூக்கியதும் உள்ளே ஏதோ சரசரத்தது.

மாக்பால் அதைக் காதோரம் வைத்து மறுபடி அமுக்கிப் பார்த்தாள். வைக்கோல். சந்தேகமே இல்லை. ஏழு வருஷமாகப் பட்டணத்துக் கடைக்குப் பொம்மை ஒட்டகம் பின்னிக் கொடுக்கிறாள், ஒன்றில்கூட வைக்கோல் வைத்ததில்லை. வசந்தத்தில் ஒட்டகம் உதிர்க்கிற உள்முடியைச் சீவி, அலசி, கூரை மேல் காயப்போட்டு, அதைத்தான் அடைப்பாள். கையில் எடுத்தால் கனமே தெரியாது, கதகதப்பு மட்டும் தெரியும். இதையும் அப்படித்தான் அடைத்தாள், காய்ச்சலில் விழுவதற்கு முந்தின நாள். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் எதுவுமே ஞாபகம் இல்லை.

திருப்பிப் பார்த்தாள். வயிற்றுத் தையலைப் பிரித்து யாரோ மறுபடி மூடியிருந்தார்கள். அவள் போடும் கண்ணிகள் வலப்பக்கம் சாயும். இவை இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அந்த ஊரில் இடக்கையால் குரோஷா ஊசி பிடிக்கிறவள் ஒருத்திதான், நாத்தனார் கதிஷா.

“அண்ணி, இந்த ஒட்டகத்தப் பிரிச்சீங்களா?”

பால் வாளியோடு உள்ளே வந்த கதிஷா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். “ஆமா. பூனை கிழிச்சுடுச்சு. நான்தான் தைச்சேன்.”

“நம்ம வீட்ல ஏது பூனை?”

“ஊர்ல பூனையே இல்லயா என்ன? போலீஸ்காரி மாதிரி கேள்வி கேக்காம, இந்தா, டீயக் குடி.”

வழக்கமாக ஒரு வார்த்தை கேட்டால் பத்து வார்த்தை கொட்டுகிறவள் கதிஷா. தெருக்கோடியில் நின்று பேசினால் ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்கும். இந்த இரண்டு நாளாக அவள் வாயில் குரலே இல்லை. பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறாள்.

டீ கசந்தது. நர்ஸ் கொடுத்த சொட்டு மருந்து அதில் கலந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாயாம், எழுந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம். எல்லாமே அவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அப்படியொரு அசதி. கையைத் தூக்கினால் யாரோ வேறு ஒருத்தியின் கையைத் தூக்குவதுபோல இருந்தது. இரண்டு பாதங்களிலும் கட்டுப் போட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, காய்ச்சல் வேகத்தில் வெறுங்காலோடு வெளியே ஓடிவிட்டாய் என்றாள் கதிஷா. பூட்ஸையும் காணவில்லை. காயவைத்திருக்கிறாளாம்.

போகட்டும். பாதமும் பூட்ஸும் எக்கேடோ கெட்டுப் போகட்டும். நுரிலாவுக்கு இருமல் நின்றதே, அது போதும்.

நுரிலா அடுப்போரம், மெத்தைகள் அடுக்கிய மூலையில் இருந்தாள். மூன்று வயதாகப் போகிறது. குளிர்காலம் முழுவதும், ஐந்து மாதம், அந்தச் சின்ன நெஞ்சு இருமியது. ராத்திரி பகல் கிடையாது, விட்டு விட்டு, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு இருமல். நெஞ்சுக்கு நல்லது என்று ஒட்டகப் பால் கொடுத்தார்கள், ஆட்டுக்கொழுப்பு தடவினார்கள், பட்டணத்து டாக்டரிடம் மூன்று முறை கொண்டுபோனார்கள். இப்போது அந்த இருமல் ஒரேயடியாக நின்றுவிட்டது. முகத்தை மூடி முக்காடு, கையுறை, சிவப்பு ஸ்வெட்டர், கம்பளிக் கால்சராய் எல்லாம் போட்டுச் சுவரைப் பார்க்க உட்காரவைத்திருந்தாள் கதிஷா. உப்புக் காற்று வீசுகிற பருவம், முக்காட்டை எடுத்துவிடாதே, எழுப்பாதே, தூங்கட்டும் என்று நூறு முறை சொல்லியாகிவிட்டது.

மாக்பால் அருகே போய் முகர்ந்து பார்ப்பாள். தைலமும் பாலும் வியர்வையும் கலந்த அதே வாசனை. மனசு நிறைந்துவிடும். ஆனால் திரும்பி வந்து ஊசியை எடுத்தால், அந்த அமைதி முதுகில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இருமல் இல்லாத வீடு இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. அடுப்பில் கரி முனகியது. ஜன்னல் சட்டத்தில் உப்புத்தூள் சலித்து விழுந்தது. காது தானாகவே அந்த இருமலைத் தேடியது. ஐயோ, வந்துவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. வரமாட்டேன் என்கிறதே என்று அதைவிடப் பயமாக இருந்தது.

இந்த ஒட்டகம் கடைக்கானதல்ல. நுரிலாவின் பிறந்தநாளுக்கு. மண்டியிட்டுத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான். “நின்னுச்சுன்னா நான் எப்டி ஏறுவேன்?” என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். இரண்டு பக்கமும் பை வேண்டும், பையில் பொரித்த பணியாரம் இருக்க வேண்டும். கழுத்துக்குக் குஞ்சம், நெற்றிக்குச் சோழிப் பட்டை, திமில்களுக்கு நடுவே சிவப்புச் சேணத்துணி. வைக்கோலை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று மாக்பால் சேணத்துணியின் ஓரத்தைப் பின்னத் தொடங்கினாள்.

வெளியே பெண் ஒட்டகம் அரற்றியது.

அது ஈன்ற குட்டி குளிர் தாங்காமல் செத்துப் பத்து நாள் ஆகிறது. தாயின் முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கதிஷா குட்டியின் தோலில் வைக்கோல் அடைத்துத் தைத்த கன்றைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்து, “கோஸ்... கோஸ்...” என்று தாழ்ந்த குரலில் தேற்றினாள். ஒட்டகம் குனிந்து முகர்ந்தது. பிறகு அந்த வைக்கோல்கன்றின் நெற்றியை நக்கத் தொடங்கியது. நீளமாக, நிதானமாக நக்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மடி இறங்கியது. பால் வாளியில் விழும் சத்தம் ஜன்னல்வரை கேட்டது.

கதிஷா உள்ளே வந்து பாலை வடிகட்டும்போது மாக்பால் கேட்டாள். “அண்ணி, உள்ள இருக்கிறது வைக்கோல்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? மூக்கு இருக்குல்ல.”

“பின்ன ஏன் நக்குது?”

கதிஷா வடிதுணியை மூன்று முறை பிழிந்தாள். “இல்லேன்னா கிளம்பிடும்டி. குட்டி போன எடத்தத் தேடிக்கிட்டு வெட்டவெளில நடந்துகிட்டே இருக்கும். தின்னாது, குடிக்காது, விழுறவரைக்கும் நடக்கும். இது இருந்தா வீட்டோட கெடக்கும்.” அவள் நிமிர்ந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. “நமக்கு அது வேணும்ல புள்ள? அதுவும் போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?”

ஒரு ஒட்டகத்துக்காகவா இப்படி அழுவார்கள் என்று மாக்பாலுக்கு எரிச்சலாக வந்தது.

அதைவிட எரிச்சல் புருஷன்மேல். தோலெகென் தண்டவாள வேலைக்குப் போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவான். இந்த முறை பாதியிலேயே வந்திருக்கிறான். வந்தவன் தாடியோடு வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். மகள் பக்கம் திரும்பவே இல்லை.

“என்னங்க, பொண்ணு ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கா?” என்று கத்தினாள். “வந்ததுலேர்ந்து ஒரு தடவ தூக்குனீங்களா? இருமுறப்போ பயந்து ஓடுனீங்க, சரி. இப்பவுமா?”

அவன் உள்ளே வந்தான். கதிஷாவைப் பார்த்தான். கதிஷா தலையை லேசாக ஆட்டினாள். அவன் குனிந்து நுரிலாவைத் தூக்கினான், ஒரே கையால், தலையணையைத் தூக்குவதுபோல. ஒரு நொடிதான். பட்டென்று கீழே வைத்துவிட்டு, சட்டைக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். அவன் கொல்லைப்புறத்தில் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

கீழே வைத்தபோது குழந்தையின் கால்கள் நீளவில்லை. மடங்கியபடியே மெத்தையில் உட்கார்ந்தன.

தூக்கத்தில் இருக்கிறாள், அதனால்தான். மாக்பால் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டாள். கிண்ணத்தில் வைத்த பாலைப் பார்த்தாள். காலையில் வைத்தது, ஆடை படர்ந்து மஞ்சளாகியிருந்தது. நேற்று வைத்த பாலைக் குழந்தை குடித்துவிட்டது என்று கதிஷா சொன்னாள். கதிஷாதான் சொன்னாள்.

மறுநாள் மதியம் காற்று தொடங்கியது. வறண்டுபோன கடலின் தரையிலிருந்து உப்பு கிளம்பி வந்து வானத்தையும் தெருவையும் வெள்ளையடித்தது. நடுப்பகலில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து எண்ணெய் வாசனை வந்தது. பக்கத்திலிருக்கும் கதிஷாவின் வீட்டில் ரொட்டி பொரிக்கிறார்கள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். பெண்கள் கறுப்பு முக்காட்டோடு முற்றத்தைக் கடந்து போனார்கள். கடைசியாகப் போனவள் கையில் தட்டு. ஏழு ரொட்டி. ஏழு ரொட்டி செத்தவர்களுக்குத்தான் பொரிப்பார்கள்.

யாருக்கு?

கதவைத் தள்ளினாள். வெளியே தாழ்ப்பாள்.

சரி, காற்றுக்காகப் போட்டிருப்பார்கள். கைக்கு வேலை கொடுத்தால் சரியாகிவிடும். குஞ்சத்தைக் கட்டினாள். சேணத்துணியைப் போர்த்தினாள். இரண்டு பைகளையும் தொங்கவிட்டாள். இன்னும் கண்கள்தான் பாக்கி. பெரிய கறுப்புக் கண்ணாடிக் கண்கள், இந்த ஒட்டகத்துக்கென்றே பட்டணத்திலிருந்து வரவழைத்த ஒரே ஜோடி. டப்பாவைத் திறந்தாள்.

அவை இல்லை.

டப்பாவைக் கொட்டினாள். சின்னக் கண்கள் தரையெங்கும் உருண்டன. எல்லாம் அவளைப் பார்த்தன. பெரியவை மட்டும் இல்லை. மணல்நிற நூல்கண்டுகூட இல்லை. போன வாரம் புதிதாகப் பிரித்தது. முழுக் கண்டு.

வைக்கோல் ஒட்டகத்தின் வயிற்றில். அப்படியானால் உள்முடி எங்கே?

மாக்பால் மெதுவாகத் திரும்பினாள்.

நுரிலா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நேற்று உட்கார்ந்த அதே இடம். அதே சாய்வு.

“நுரிலா.”

காற்று.

“கண்ணு. அம்மாவப் பாரு.”

நான்கு அடி. கட்டுக்குள் பாதம் எரிந்தது. குனிந்தாள். ஸ்வெட்டரை முதுகில் தூக்கினாள்.

தையல். கழுத்திலிருந்து இடுப்புவரை. கண்ணிகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

கால்களைத் தொட்டாள். முழங்காலில் ஆறு கண்ணி குறைத்து, மடக்கி, தொடையோடு சேர்த்துத் தைத்த கால்கள். அவள் பின்னும் கணக்கு அது. கதிஷாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். கதிஷாவுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். மண்டியிட்ட கால்.

முக்காட்டை எடுத்தாள்.

மணல்நிற முகம். பெரிய கறுப்புக் கண்கள்.

இருமல் நின்றது ஞாபகம் வந்தது. அவள் மடியில்தான் நின்றது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, குழந்தை அவள் கட்டைவிரலைப் பிடித்திருந்தது, பிறகு பிடிக்கவில்லை. சின்னக் குழி. அதன்மேல் வெள்ளையாக உப்பு. மூன்று முறை அங்கே ஓடினாள், வெறுங்காலோடு. மூன்று முறையும் தோலெகென் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்றாவது முறை கதிஷா அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

மாக்பால் எழுந்தாள். போக வேண்டும். கடுங்காற்று, குழந்தை அங்கே தனியாக, போர்வைகூட இல்லாமல்.

தாழ்ப்பாள் விலகியது. வெள்ளைக் காற்று உள்ளே பாய்ந்தது. வாசலில் கதிஷா, கையில் டீக் கிண்ணம். அவள் பின்னால் தோலெகென், வழியை அடைத்துக்கொண்டு. கதிஷா கீழே கிடந்த முக்காட்டைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது. ஆனால் குரல் உடையவில்லை.

“கோஸ்...” என்றாள். “கோஸ்... கோஸ்...”

ஒரு கையை நீட்டியபடி ஒவ்வொரு அடியாக வந்தாள். மாக்பாலின் தோளில் கைவைத்தாள். ஒட்டகத்தைப் படுக்கவைக்கச் சொல்லும் அந்த ஒரு சொல்லை, கெஞ்சுவதுபோல, காதோரம் சொன்னாள்.

“ஷோக்.”

மாக்பாலின் முழங்கால்கள் மடங்கின.

அவள் மடக்கவில்லை. அவை தாமாக மடங்கின. முதலில் முழங்கால், பிறகு முழு உடம்பும். மெத்தைமேல் இருந்த அது அவள் முகத்துக்கு நேராக வந்தது. தைலம். பால். வியர்வை. உள்ளே இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் குனிந்தாள். கதிஷாவின் கை அவள் தோளிலேயே இருந்தது. அவள் அதன் நெற்றியில் நாக்கை வைத்து, மெதுவாக, நிதானமாக நக்கத் தொடங்கினாள். கம்பளியில் உப்புக் கரித்தது.