நிறைவொளி

விடிந்ததும் ஆலை விடுதியின் கூரை விளக்கு வெளிறிய நீலமாக மாறும்; பெண்கள் கொட்டாவி விடாமல் எழுந்துவிடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆரஞ்சு வெளிச்சம், பசி எடுக்கும். ஆலைக்குள் கூசும் வெள்ளை. கை தானாக ஓடும். படுக்கும் அறையிலும் பார்வையாளர் கூடத்திலும் தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம். நிறைவொளி என்று பெயர். கண்ணில் அது படுகிறவரை மனசில் எதுவும் குறையாது. ஜன்னல் ஒன்றுகூட இல்லாததும் குறையாகத் தெரியாது.

அந்த ஒளியை வடிவமைத்தவள் முத்தரசி. அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இதே சூரியத்தகடு ஆலையில் உழைத்து அவளைப் படிக்க வைத்தவள் அக்கா பேச்சியம்மாள். புதிதாக வரும் பெண்கள் வீட்டை நினைத்து அழாமலிருக்க, முதல் வாரத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் நிர்வாகம் அதைச் செய்யச் சொன்னது. வாரம் முடிந்தது, விளக்கு மாறவில்லை. பெண்கள் லீவு கேட்பதே நின்றுபோனது. முத்தரசியிடம் வளரும் தன் மகள் மகிழினியைப் பார்க்க அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தரசி, நிறைவொளி கண்ணில் படாமல் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்வையாளர் கூடத்துக்கு வந்தாள். வாசல் காவலரிடம் கண்வலி என்று சொல்லி அந்த ஒன்றைத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது.

"ஏட்டி, சினிமாக்காரி மாதிரி வந்திருக்க?" பேச்சியம்மாள் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து, "இந்த லைட்டு என் தங்கச்சி செஞ்சதாக்கும்" என்றாள்.

"வீட்டுக்கு வாக்கா. மகிழினிக்கு முன்பல்லு விழுந்துட்டு."

"விழுந்தா முளைச்சிட்டுப் போகுது."

"அவ என்னைய அம்மான்னு கூப்பிடுதா."

"கூப்பிடட்டுமே. நல்லாத்தான பாத்துக்கிடுத?"

முத்தரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. பெற்றவளுக்குச் சுருக்கென்று தைக்க வேண்டிய இடத்தில் தேனைத் தடவி வைத்திருக்கிறார்கள். கூலி வாங்கிக்கொண்டு தடவியது இவள் கை. ஆத்திரத்தில் தன் கண்ணாடியைக் கழற்றி அக்காவின் முகத்தில் மாட்டினாள்.

"எனக்கு எதுக்குட்டி இந்த ஸ்டைலு..."

பேச்சியம்மாளின் சிரிப்பு அங்கேயே நின்றது. உதடு கோணியது. பசியில் கிடந்தவள் சோற்றைத் தேடுவதுபோல் அவள் கை மேசையைத் துழாவியது.

"எந்தப் பல்லுட்டி? அழுதாளா? யாரு எடுத்துப்போட்டா?" குரல் உடைந்தது. "எவ்வளவு உசரம் இருப்பா இப்ப? எனக்குத் தெரியலையேட்டி... பெத்தவளுக்குத் தெரியலையே!"

முத்தரசி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்ணீரில் கூட அந்தத் தேன் நிறம் அழகாக மினுங்கியது. எதற்காக வந்தோம் என்பது நினைவிருந்தது. எதற்காகக் கோபப்பட்டோம் என்பதும் நினைவிருந்தது. கோபம் மட்டும் இல்லை. நாற்காலி வசதியாக இருந்தது.

"எந்திரி, போவோம்" என்று பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பிள்ள தேடும்ட்டி!"

"தேடட்டும்க்கா" என்றாள் முத்தரசி, அன்பாக. "செத்த உக்காரு. இங்க என்ன குறை?"

பேச்சியம்மாள் தங்கையின் முகத்தையே பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தன் முகத்தில் இருந்தது. பிடித்த கையை விடாமல், குழந்தையை இழுத்துப் போவதுபோல் அவளை வெயில் தெரிந்த வாசலை நோக்கி இழுத்தாள். முத்தரசியின் மறுகை நாற்காலியை விடவில்லை.