தோலுக்கடியில் ஓர் அரிசி

தன் நாய் பட்டனை மடியில் வைத்துக்கொண்டு அவள் கால்நடை டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த பூனைக்காரர் மெல்ல எழுந்து பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன வாரம் ஓடிப்போன பட்டன், மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்ததிலிருந்து அப்படி ஒரு நாற்றம். நாலு முறை குளிப்பாட்டியாயிற்று. மூடிவைத்து மறந்துபோன பாத்திரத்தைத் திறந்த மாதிரி, இனிப்பும் அழுகலுமாக, சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து அது எட்டிப் பார்த்தது.

“மறுபடி ஓடினா எங்க போய்த் தேடுவே? தோலுக்கடியில சிப் போட்டா, யார் பிடிச்சாலும் ஸ்கேன் பண்ணினா நம்ம நம்பர் தெரிஞ்சிடும்” என்றார் கணவர்.

“உயிரோட இருக்கற உடம்புக்குள்ள ஒரு சாமானைத் திணிக்கிறதா? நினைச்சாலே குமட்டுதுங்க.”

“இந்த நாத்தத்தை மடியில வச்சிருக்கியே, அது குமட்டலையா?”

பட்டன் அவள் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தது. காய் நறுக்கும்போது பட்ட வெட்டு. திரும்பி வந்த நாளிலிருந்து அதற்கு அந்தக் காயத்தின் மேல்தான் கண். பாசம்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். காயம் ஆறவே இல்லை. ஓரங்கள் வெளுத்து, ஊறிப்போய்க் கிடந்தன.

உள்ளே டாக்டரம்மா ஊசியைப் பிரிக்கவில்லை. “ஏற்கெனவே சிப் இருக்கான்னு முதல்ல பாத்துடணும். இருந்தா, அந்த வீட்டுக்காரங்ககிட்டதான் நாயை ஒப்படைக்கணும்.”

அவள் பட்டனை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பட்டன் தெருவில் கிடைத்த குட்டி.

ஸ்கேனர் பிடரியில் ஊர்ந்தது.

பீப்.

டாக்டரம்மா அந்த எண்ணைக் கணினியில் தட்டினார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார்.

“இது நான் போட்ட சிப். ஆனா வேற நாய்க்கு.” அவர் குரல் தாழ்ந்தது. “தனியா இருந்த ஒரு அம்மாவோட நாய். அவங்க வீட்டுக்குள்ளேயே இறந்துட்டாங்க. ஒன்பது நாள் கழிச்சுதான் கதவை உடைச்சாங்க. நாயும் உள்ளதான் இருந்துது.”

“பாவம், ஒன்பது நாளும் பட்டினியா?” என்றார் கணவர்.

“பட்டினியா இல்ல.”

டாக்டரம்மாவின் பார்வை பட்டனின் வாயில் போய் நின்றது.

“அந்த நாயை ஊசி போட்டுக் கொன்னு, சிப்போட சேர்த்து எரிச்சாச்சு. நானே நின்னு பார்த்தேன்.”

ஸ்கேனரை மறுபடி வைத்தார். பிடரியில் சத்தமில்லை. தோளில் பீப். அங்கே விரலை வைப்பதற்குள் முன்னங்காலில். முடிக்கு அடியில் அரிசி அளவில் ஒரு மேடு வழுக்கிக்கொண்டு கழுத்துக்கு ஏறியது. டாக்டரம்மா கையை உதறி, கோட்டில் துடைத்துக்கொண்டார். மேடு தாடைக்குள் போய் மறைந்தது. பட்டன் ஒருமுறை குமட்டிவிட்டு, அவள் கட்டைவிரல் காயத்தை நக்கியது.

நிதானமாக, அழுத்தமாக.

பிறகு ஸ்கேனர் தலையிலிருந்து வால்வரை போயும் சத்தமே இல்லை.

“மெஷின்லதான் ஏதோ கோளாறு. பட்டன் நம்ம பட்டன்தான்” என்றார் கணவர், மூச்சு விட்டு.

பட்டனிடம் இப்போது சோப்பு மட்டும்தான் மணந்தது. அவள் ஆசையாகக் கையை நீட்டினாள். அது பின்வாங்கி, உறுமி, கணவரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

நீட்டிய கை ஸ்கேனரைக் கடந்தது.

பீப்.

திரையில் அதே எண்.

கணவர் பதறி அவள் தோளைப் பிடித்தார். பதினோரு வருடமாகப் பழகிய அவருடைய வியர்வை வாசனை, மிக அருகில் வந்தது.

அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.