சிலையின் தோளில் ஏறிய பெயர்

யூப்ரடீஸ் மாநதியின் கால்வாயொன்று லகாஷ் நகரத்து மதிலைத் தழுவிச் செல்லும் இடத்தில், அந்தி மயங்கி முழுமதி எழும் வேளையில், பேரீச்சந்தோப்பின் நிழல்களினூடே ஒரு நாணற்படகு ஆலயத்துறையை அடைந்தது. அதிலிருந்து இறங்கிய நின்பந்தாவுக்கு அந்த எழிலில் மனம் செல்லவில்லை. அவள் நேரே சந்நிதியை நோக்கி விரைந்தாள்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்நாட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாள்தோறும் ஆலயம் வர இயலாதவர், தமக்கென ஒரு கற்சிலை செய்வித்து, தோளில் தம் பெயரையும் சபதத்தையும் பொறித்து இறைவன் முன் நிறுத்துவார். கோத்த கரங்களும் அகல விழித்த கண்களுமாய் அச்சிலை அவருக்காக ஓயாமல் வேண்டி நிற்கும். சிலை நிற்கும்வரை அவர் உயிரோடிருப்பதாகவே ஊர் கொள்ளும். அவருக்கு நிச்சயித்த பெண்ணை வேறெவரும் கேட்க முடியாது. நின்பந்தாவை மணக்கவிருந்த படைத்தலைவன் மெஸ்கிகால், போரை நிறுத்தும் பொருட்டுப் பகைநகர் உம்மாவுக்குப் பிணையாகப் போகுமுன், அவள் கண்ணெதிரே அப்படியொரு சிலையை நிறுவிவிட்டுத்தான் போனான்.

அரண்மனைக் காரியக்காரர் உர்சாகா இன்று அந்தப் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தம் பெயரை ஏற்றிவிட்டார். கையோடு பெண் கேட்டு ஆளும் அனுப்பினார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

மாலை வழிபாட்டுக்கு மன்னர் எழுந்தருளியிருந்தார்.

"அரசே, மெஸ்கிகாலின் சிலையைத் திருடியவர் தங்கள் அருகிலேயே நிற்கிறார்" என்றாள் நின்பந்தா.

உர்சாகா சிரித்தார். "உம்மாவிலிருந்து நெடுநாளாகச் செய்தியில்லை, பெண்ணே. செத்தவனுக்கு வேண்டுதல் எதற்கு? சிலை இப்போது என் பெயரில் நிற்கிறது. உயிரோடிருப்பவரின் பெயரைச் சந்நிதியிலிருந்து மன்னர்கூட நீக்க முடியாது."

"தோளில் உள்ளது முழுவதும் உம்முடையதென்று இறைவன் முன் சொல்வீரா?"

"சொல்கிறேன். முழுவதும் என்னுடையதே."

"அப்படியானால் பூசாரியார் அதைப் படிக்கட்டும், அரசே."

முதிய பூசாரி விளக்கை உயர்த்திப் பிடித்துப் படித்தார். "உர்சாகா ஆகிய நான், லகாஷ் மக்களின் பொருட்டு உம்மாவின் கோட்டையில் பிணையாக இருப்பேன். மன்னர் மீட்கும்வரை திரும்பேன். இறைவன் மேல் ஆணை."

எழுத்தறியாத உர்சாகா சிற்பியிடம் பெயரை மாற்றத்தான் சொல்லியிருந்தார். அவனும் அதை மட்டுமே மாற்றியிருந்தான்.

காரியக்காரரின் முகம் வெளிறியது. "அரசே, அது அவனுடைய சபதம்."

"இப்போதுதானே இறைவன் முன் ஏற்றுக்கொண்டீர்" என்றார் மன்னர். "உம்மாவுக்கு வேண்டியது ஒரு பிணை. அரண்மனைக் காரியக்காரரைக் கொடுத்தால் படைத்தலைவனை விடுவிப்பார்கள். இப்போதே புறப்படும்."

காவலர் உர்சாகாவைச் சூழ்ந்துகொண்டனர். நின்பந்தா அவரெதிரே வந்து நின்றாள்.

"நானும் உடன் வருகிறேன். உம்மை அங்கே விட்டு அவரை அழைத்து வராமல் இந்நகரத்து வாயிலை மிதிக்கமாட்டேன். இதைக் கல்லில் பொறிக்க வேண்டியதில்லை. என் வாய்ச்சொல் போதும்."