குனியாத முதுகு

ஜாவாவின் சோலோ நகரில் மழை பிடித்துக்கொண்டால் கல்யாண மண்டபத்தை விட்டு யாரும் கிளம்ப முடியாது. வெனிங் என்ற இளம்பெண்ணால் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. முதுகுக்குள் கனம்... எழுந்தாள். வரிசையாக அமர்ந்திருந்த பெரியவர்களுக்கு முன்னால் நிமிர்ந்தே நடந்தாள்.

குனிய முயன்றதுண்டு. மரப்பலகை சாய்வது போலிருக்கிறது என்று சிரித்தார்கள். அன்றோடு விட்டுவிட்டாள்.

பெரியவர்கள் முன் பாதி குனிந்தபடி சூப் தட்டுகளோடு பரிமாற வந்துகொண்டிருந்த இளைஞன் சேனோ வழிமறித்தான்.

"பெரியவங்க முன்னால கொஞ்சம் குனிஞ்சு போனா என்னங்க? முதுகுல கம்பியா வச்சிருக்கு?"

"ஆமா. ரெண்டு கம்பி. திருகாணியும் இருக்கு, பாக்கணுமா?"

கேலி என்று சிரித்துவிட்டான். என்ன கண்கள்... என்ன திமிர் இவளுக்கு!

வரிசையின் கோடியில் ஓர் அம்மாள் குரலை உயர்த்தினாள். "இவளை மருமகளாக்கினா வாசல் நிலையை இடிச்சு உயர்த்தணும் போல!"

வெனிங் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் 'ஐயோ பாவம்' வரும். அதற்குத் திமிர்க்காரி என்ற பேரே தேவலை...

தாழ்வாரத்துக்கு வந்தபோது அவள் தோள் சால்வை நழுவி விழுந்தது. பின்னாலேயே வந்த சேனோ பார்த்தான். அவள் ஒரு காலைப் பின்வைத்து, முதுகு துளியும் வளையாமல், முழங்கால் மடக்கி இறங்கி எடுத்தாள். பின்கழுத்திலிருந்து சட்டைக்குள் நீளமாக இறங்கியது ஒரு தழும்பு.

அவன் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"பரிதாபப்படாதீங்க. இடுப்பு மடங்கும், முட்டி மடங்கும். முதுகுதான் மடங்காது."

"பரிதாபமா? எனக்குப் பயமா இருக்குங்க. உங்களத் திட்டினது எங்கம்மா."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பே அவளை உள்ளே நடத்திப்போனது.

அம்மாளின் முன் மண்டியிட்டாள். இடுப்பிலிருந்து மெல்லச் சாய்ந்தாள். அந்த ஊர் வழக்கப்படி ஆசி வாங்க நெற்றி அம்மாளின் முழங்காலைத் தொடவேண்டும். ஒரு சாண் எட்டவில்லை.

"இபு... அம்மா, இதுக்கு மேல வராது. ஆபரேஷன் பண்ண முதுகு."

 அம்மாள் அந்த நெற்றியையே பார்த்தாள். பிறகு குதிகாலை உயர்த்தினாள்... முழங்கால் மேலே வந்து நெற்றியைத் தொட்டது.

பின்னாலேயே வந்து தட்டோடு நின்றிருந்த சேனோ கேட்டான். "அம்மா... நம்ம வாசல் நிலையை உயர்த்திடலாமா?"

அம்மாள் வெனிங்கைப் பார்த்தாள். "என்னைக் கேட்டா? அவளைக் கேளுடா!"

வெனிங்கின் முதுகு அப்படியே நிமிர்ந்திருந்தது. தலை மட்டும் தானாகக் குனிந்தது.

"உயர்த்தச் சொல்லுங்க, இபு..."